பண்டாரவளைச் சரிவில் ருவாயான் பாணி வீடு: வண்ணத்துப்பூச்சிக் கூரை சரிவருமா?

ஊவாச்சரிவு:

வணக்கம். பண்டாரவளைப் பக்கம் 16 பேர்ச்சஸ் காணியில் ஒரு வீட்டுக்குப் பிளான் போட வேண்டும். வீதி கீழே, காணி பின்னோக்கி ஏறுகிறது, சரிவு சுமார் 20 பாகை, வீட்டு முகம் மேற்கு. வீட்டுக்காரர் பிரான்சில் இருப்பவர். அங்கே ருவாயான் என்ற கடற்கரை ஊரில், இரண்டாம் உலகப் போரில் அழிந்ததைத் திரும்பக் கட்டியபோது எழும்பிய வில்லாக்களின் படங்களை அனுப்பி, "இதே மாதிரி வேண்டும்" என்கிறார்.

படங்களில் இருப்பது இதுதான்: நடுவில் பள்ளமாகி இரண்டு பக்கமும் இறக்கை தூக்கிய கூரை, முன்னால் வி வடிவத் தூண், 5 அடி வெளியே நீளும், விளிம்பு கத்தி போல மெலிந்த சன்ஷேட், வெளியே தொங்கும் படிக்கட்டு, துளைக்கல் சுவர், வெள்ளைச் சுவரில் நீலமும் மஞ்சளும். வீட்டின் அளவு 40க்கு 30 அடி. கீழே கராஜும் ஸ்டோரும், மேலே வசிப்பிடம்.

இதில் எதை நம்ம மழைக்கும் மண்ணுக்கும் ஏற்றபடி செய்யலாம், எதைக் கைவிட வேண்டும்? கூரை முழுவதையும் கொங்கிரீட்டிலேயே போடச் சொல்கிறார். விபரம் தெரிந்தவர்கள் அளவோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

கம்பிக்கணக்கு:

கூரைக்கு முன்னால் காணியைப் பாருங்கள். 20 பாகைச் சரிவில் 30 அடி உள்ளே போனால் நிலம் ஏறத்தாழ 11 அடி ஏறிவிடும். ஒரு மாடி உயரம். கராஜ் தளத்தை வீட்டின் முழு ஆழத்துக்கும் சமமாக வெட்டினால் பின்னால் 11 அடி மண்சுவர் நிற்கும். அதைத் தாங்கும் செலவில் பாதி வீடு கட்டலாம். ருவாயான் அநேகமாகச் சமதரை. அங்கே கீழ்த்தளத்தைக் கராஜுக்கு விட்டு மேலே குடியிருப்பது ஒரு விருப்பம். இங்கே சரிவே அதைக் கேட்கிறது. கராஜை முன்பக்க 15 அடிக்குள் அடக்கிவிடுங்கள், வெட்டு 5½ அடியோடு நின்றுவிடும். மேல்தளத்தின் பின்பகுதி கிட்டத்தட்டத் தரையிலேயே உட்காரும்.

வெட்டிய மண்ணைக் கொட்டி நிரப்பிய இடத்தில் ஒரு தூண், வெட்டிய கெட்டி மண்ணில் இன்னொரு தூண் என்று வைக்கவே கூடாது. நிரப்பு மண் இரண்டு மூன்று மழைக்காலம் இறங்கிக்கொண்டே இருக்கும். விரிசல் முதலில் சுவரின் நடுவில் தெரியாது, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பும். எல்லா அத்திவாரமும் நிரப்பு மண்ணைத் தாண்டி, இயற்கையான கெட்டி மண்ணில் அல்லது பாறையில் நிற்க வேண்டும். படிப்படியாக இறக்கி, ஒவ்வொரு தூண் அடியையும் பீமால் இரண்டு திசையிலும் கட்டுங்கள். பதுளை மாவட்டம் என்பதால் பிரதேச சபைக்குப் பிளான் கொடுக்கும் முன் என்.பி.ஆர்.ஓ.விடம், அதாவது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம், மண்சரிவு இடர் மதிப்பீடு எடுக்க வேண்டும். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், வெட்டு உயரத்தை அவர்கள் குறைக்கச் சொல்லும்போது பிளான் முழுவதையும் திரும்பப் போட வேண்டிவரும்.

வீட்டின் பின்சுவரையே மண் தாங்கும் சுவராக ஆக்காதீர்கள். தனியாகக் கருங்கல் சுவர் கட்டி, அதற்கும் வீட்டுக்கும் இடையில் குறைந்தது 3 அடி வழியும் கானும் விடுங்கள். 5½ அடி உயரத்துக்கு அடியகலம் 3 அடிக்குக் குறையாமல், மேல் அகலம் 1½ அடி. தண்ணீர் வடிய 3 அங்குல பி.வி.சி. குழாயை 5 அடிக்கு ஒன்றாக, மேல்வரிசையும் கீழ்வரிசையும் மாறி மாறி வரும்படி வையுங்கள். சுவருக்குப் பின்னால் ஒரு அடி தடிப்புக்குக் கல் நிரப்பு. அந்தக் கல் நிரப்பு இல்லாமல் குழாய் மட்டும் வைத்தால் ஒரே வருடத்தில் மண் அடைத்துவிடும். பிறகு சுவர் தண்ணீரையும் சேர்த்துத் தாங்க வேண்டும். கவிழ்வது பெரும்பாலும் அப்போதுதான்.

இப்போது கூரை. 40 × 30 அடி என்றால் 111 சதுர மீற்றர். மணிக்கு 150 மி.மீ. வேகத்தில் ஒரு இடிமழை என்று வைத்தால் வினாடிக்கு 4.6 லீற்றர். சாதாரணக் கூரையில் அது இரண்டு மூன்று பக்கமாகப் பிரிந்து போகும். இங்கே எல்லாம் ஒரே பீலியில், அதுவும் வீட்டின் நடு மண்டைக்கு மேலே. ஒரு 4 அங்குலக் குழாய் அதை இழுக்க வேண்டுமானால் அதன் வாயில் ஏறத்தாழ 2 அங்குலம் தண்ணீர் நிற்க வேண்டும், வாய் சுத்தமாகவும் இருக்க வேண்டும். பக்கத்தில் சவுக்கோ யூக்கலிப்டஸோ நின்றால் வாய் ஒருபோதும் சுத்தமாக இருக்காது. ஆகவே இரண்டு முனையிலும் ஒவ்வொரு குழாய், ஒன்று அடைத்தாலும் மற்றது தனியே தாங்கும் அளவில். பீலி அகலம் 18 அங்குலம். ஒரு ஆள் இறங்கி நின்று இலையை அள்ள அதற்குக் குறைந்து சரிவராது. ஆழம் 8 அங்குலம். நடுவிலிருந்து இரண்டு பக்கமும் 100க்கு 1 வாட்டம், 20 அடிக்கு சுமார் 2½ அங்குலம் வரும். குழாய் வாய்க்கு 3 அங்குலம் மேலே இரண்டு முனையிலும் வெளியே துப்பும் வழி ஒன்று விடுங்கள். அதில் தண்ணீர் வந்தால் குழாய் அடைத்துவிட்டது என்று வீதியிலிருந்தே தெரியும்.

கொங்கிரீட்டில் போட்டால் வரும் பிரச்சினை வேறு. பீலிக்குக் கீழே ஒரு பீம் ஓடும், ஸ்லாப் அதன் இரண்டு பக்கமும் 15 அடி தாவும். பீமுக்கு மேலே ஸ்லாப் முதுகு வளைவதால் அதன் மேல்பக்கம்தான் இழுபடும். விரிசல் விழும் இடம் அதுதான். தண்ணீர் நிற்கும் இடமும் அதுதான். சாதாரண மொட்டைமாடியில் பீமுக்கு மேல் விழும் மயிர்விரிசலில் தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும். இந்தக் கூரையில் விரிசலே பீலிக்குள் படுத்திருக்கிறது. கட்டாயம் கொங்கிரீட்தான் என்றால் ஸ்லாப் 6 அங்குலம், பீமுக்கு மேல் 10 மி.மீ. கம்பி 6 அங்குலத்துக்கு ஒன்று, பீமின் இரண்டு பக்கமும் 4½ அடி நீள வேண்டும், கம்பிக்கு மேல் கொங்கிரீட் மூடல் 30 மி.மீ. அதற்கு மேல் வோட்டர்புரூஃப்.

என் பரிந்துரை, கொங்கிரீட் வேண்டாம். 6 அங்குல ஸ்லாப் 1200 சதுர அடிக்கு 40 தொன். இரும்பு வளையும் தகரமும் என்றால் மொத்தம் 2 முதல் 3 தொன். சரிவுக் காணியில் அந்த வித்தியாசம் அத்திவாரத்தில் தெரியும். வெளியே தெரியும் வடிவம் ஒன்றேதான். ஒரு விஷயம்: தூக்கிய இறக்கைக்குள் காற்று அடியிலிருந்து புகுந்து மேலே தள்ளும். ஊவாவில் ஜூலை, ஆகஸ்ட் காற்று எப்படி என்று உங்களுக்குத் தெரியும். வளையை வெறும் கம்பியால் கட்டாமல் சுற்று பீமில் போல்ட் புதைத்து இறுக்குங்கள்.

சாந்துக்கரண்டி:

கம்பிக்கணக்கு அண்ணன் சொன்னது சரி. தம்பி, நான் சைட்டில என்ன பிழைக்கும்னு சொல்றேன்.

முதல்ல சன்ஷேட். 5 அடிக்கு அடியில 5 அங்குலம், நுனியில 3 அங்குலம் போதும். மேல்முகம் வெளியே கொஞ்சம் வாட்டம், சரிவை அடிப்பக்கத்துல குடுங்க, அப்பத்தான் கீழயிருந்து பார்க்க மெலிஞ்சு தெரியும். 10 மி.மீ. கம்பி 6 அங்குலத்துக்கு ஒண்ணு. அளவுல பிரச்சினை இல்ல, இடத்துலதான். இதுல கம்பி மேலே இருக்கணும். பாஸ்மார் வழக்கமான ஸ்லாப் மாதிரி கீழே கட்டிட்டு அரை அங்குலச் சல்லியை அடியில வெச்சுட்டுப் போயிடுவாங்க. மேலே கட்டினாலும் கொங்கிரீட் தள்றவங்க அதுமேலயே நடப்பாங்க. கம்பி ஒன்றரை அங்குலம் அமுங்கினா பலத்துல ஏறத்தாழ 40 விழுக்காடு போச்சு. அன்னைக்கு ஒண்ணும் தெரியாது. பலகை கழட்டின பிறகு நுனி தொங்கும், சுவரோரத்துல மேல்பக்கம் நீட்டுக்கு வெடிக்கும். 2 அடிக்கு ஒரு நாற்காலிக் கம்பி வளைச்சு வைங்க, நடக்கிறதுக்குத் தனிப் பலகை போடுங்க. கம்பி உள் ஸ்லாப்புக்குள்ள 7½ அடி போகணும், அதாவது நீட்டத்துல ஒன்றரை மடங்கு. ஜன்னல் பீமோட வளைச்சு முடிச்சா அது சன்ஷேட் இல்ல, பொறி.

முட்டு 28 நாள். கழட்டுறப்ப நுனியிலிருந்து சுவர்ப்பக்கமா வரணும். மாத்திக் கழட்டினா, நுனியில மிச்சமிருக்கிற முட்டு நடுவுல வேற திசையில வளைக்கும், அங்க கம்பி இல்ல.

அடியில விளிம்புக்கு 2 அங்குலம் உள்ளே, அரை அங்குல ஆழத்துல ஒரு சொட்டுப்பள்ளம் வெட்டணும். பலகையில அரை அங்குல ரீப்பை ஆணியடிச்சாலே வந்துடும். அது இல்லாட்டி மழைத்தண்ணி அடிப்பக்கமா ஓடிச் சுவருக்கு வந்துடும், வெள்ளைச் சுவர்ல கறுப்புக் கோடு விழும்.

கலவை 1:1½:3. ஒரு பை சீமெந்துக்கு 25 லீற்றர் தண்ணி, மணல்ல ஏற்கனவே இருக்கிற ஈரத்தையும் சேர்த்துத்தான். மழை நாள்ல மணல் குவியலை மூடாம விட்டா அந்தக் கணக்கே பிழைச்சுப் போகும்.

துளைக்கல் சுவரைப் படிக்கட்டுப் பக்கம் வைக்கிறது நல்லதுதான். ஆனா இங்க மூடுபனி நேரா உள்ளே வரும், மழையும் சாஞ்சு அடிக்கும். துளைக்கல்லை வெளியே வெச்சு, 4 அங்குலம் உள்ளே கண்ணாடி போடுங்க. இரண்டுக்கும் நடுவுல தரை வெளியே வாட்டமா இருக்கணும், இல்லாட்டி அது தொட்டி. ஒரே தடவையில 8 அடிக்கு 8 அடிக்கு மேல போகாதீங்க. இரண்டு வரிசைக்கு ஒரு தடவை 6 மி.மீ. கம்பி, மேலே பீமுக்கும் கடைசிக் கல்லுக்கும் அரை அங்குலம் இடைவெளி. பீம் கொஞ்சம் தொங்கினாலும் அந்தக் கல்லுல பாரம் ஏறக் கூடாது, அது பாரம் தாங்கிற சாமான் இல்ல.

வெளிப்படிக்கட்டு: தளத்துக்குத் தளம் 10 அடின்னா 18 ஏற்றம், ஒண்ணு 6⅔ அங்குலம். மிதி 11 அங்குலம் வெச்சா 17 மிதிக்கு 15 அடி 7 அங்குலம் நீளம் வேணும். பிளான்ல அந்த இடம் இருக்கான்னு முதல்ல பாருங்க. மிதியை மினுக்க வேணாம், தும்புத்தடியால இழுத்துவிடுங்க. மழைக்கு மூடாத படியில மூணு மாசத்துல பாசி.

கூரைக்கு ஒரு யோசனை. வீதியிலயிருந்து பார்க்கிறவனுக்குத் தெரியிறது முன்னால தூக்கின இறக்கை மட்டும்தான். அப்ப எதுக்கு நடுவுல பீலி? ஒரே சரிவா முன்னால உசத்தி, பின்னால மலைப்பக்கம் இறக்கிட்டா அதே தோற்றம், தலைக்குமேல தண்ணி இல்ல.

கம்பிக்கணக்கு:

கடைசி யோசனையில் ஒரு ஆபத்து. பின்னால் இறக்கினால் அந்த 4.6 லீற்றரும் கருங்கல் சுவருக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள 3 அடிச் சந்தில் விழும். ஏற்கனவே மலையிலிருந்து வரும் தண்ணீரும் அங்கேதான் வருகிறது. அந்தத் தண்ணீர் கீழே இறங்கும் மண், உங்கள் பின் அத்திவாரம் நிற்கும் மண். ஒரே சரிவு செய்யலாம், ஆனால் பின்விளிம்பில் 6 அங்குலப் பீலி வைத்து இரண்டு மூலையிலும் குழாயில் இறக்கி, சீமெந்துக் கானில் வீட்டைச் சுற்றிக் கொண்டுவந்து வீதிக்கானில் சேர்க்க வேண்டும். பின்பீலி நிரம்பி வழிந்தாலும் வீட்டுக்குள் வராது என்பது உண்மை. அந்தளவில் நடுப்பீலியை விட இதுவே எனக்கும் பிடிக்கிறது.

வி வடிவத் தூண் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். ஒரு வி மீது 15 தொன் வருகிறது, ஒவ்வொரு காலும் செங்குத்திலிருந்து 20 பாகை சாய்ந்திருக்கிறது என்று வையுங்கள். ஒவ்வொரு காலும் மேலே வெளிப்பக்கம் சுமார் 2.7 தொன் தள்ளும். இரண்டு காலின் தலையையும் சேர்க்கும் பீம் இழுவையில் இருக்கும். அந்தப் பீமில் வழக்கமான கம்பிக்கு மேல் இரண்டு 12 மி.மீ. கம்பி, கால்களுக்கு நடுவில் எங்கும் ஒட்டு இல்லாமல் போக வேண்டும். இரண்டு காலிலும் சமமாகப் பாரம் ஏறினால் அடியில் தள்ளல் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒரு பக்கம் வராந்தா, மறுபக்கம் அறை என்றால் அழியாது. அத்திவாரம் கவிழப் பார்க்கும். கராஜின் முன்வரிசையில், வெட்டிய கெட்டி நிலத்தில், இரண்டு பக்கமும் சம தாவலோடு என்றால் வையுங்கள். அடியில் இரண்டு காலின் கம்பியும் ஒரே இடத்தில் நெருங்குவதால் ¾ அங்குலச் சல்லி இறங்காது, கொங்கிரீட்டில் தேன்கூடு போல ஓட்டை விழும். அந்த 2 அடிக்கு மட்டும் அரை அங்குலச் சல்லி.

பழையவரைபடம்:

படங்களில் இருப்பவற்றை ஒரே பாணி என்று எடுத்துக்கொண்டால்தான் குழப்பம். ஒவ்வொன்றும் வேறு வேறு ஊரின் வெயிலுக்குப் பிறந்து ருவாயானில் கூடியவை.

1945 ஜனவரி 5 அதிகாலையில் பிரித்தானிய விமானங்கள் அந்த ஊரைத் தரைமட்டமாக்கின. ஏப்ரலில் மறுபடியும் குண்டு, இம்முறை அமெரிக்க விமானங்கள். மீளக் கட்டும் பொறுப்பு போர்தோவைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் குளோத் ஃபெரேயிடம் வந்தது. முதலில் வரைந்தது நேர்க்கோட்டு அச்சும் சமச்சீரும் கொண்ட பழைய மரபுப் பாணிதான். 1947இல் ஒரு பிரெஞ்சுக் கட்டடக் கலை இதழ் பிரேசில் சிறப்பிதழ் வெளியிட்டது. அதில் வந்த பிரேசில் கட்டடக் கலைஞர் நீமேயர் முதலானோரின் வேலைகள் அந்த ஊர்க் கலைஞர்களைப் பிடித்துக்கொண்டன. 1950க்குப் பிறகு எழும்பியதில்தான் வளைவும் தூக்கிய கூரையும் துளைக்கல்லும் வந்தன. போர்ச் சேத நட்டஈடு அரச நிதியிலிருந்து வந்ததும், இடிந்தவற்றில் நிறைய விடுமுறை வில்லாக்கள் இருந்ததும் சேர்ந்து, சின்ன வீட்டிலும் பரிசோதனை செய்து பார்க்க இடம் கொடுத்தன.

துளைக்கல்லின் ஊர் பிரேசிலின் ரெசிஃபி. 1929இல் அங்கே மூன்று பொறியாளர்கள் உருவாக்கி, தங்கள் மூவரின் பெயரின் முதலெழுத்துகளைக் கோத்துக் 'கொபொகோ' என்று பெயர் வைத்தார்கள். வெக்கையான கரையோர நகரில் காற்று வரவேண்டும், வெயில் வரக் கூடாது என்பதற்கான கல் அது. வண்ணத்துப்பூச்சிக் கூரை பரவலாகத் தெரியவந்தது பம்புல்யாவில் நீமேயர் கட்டிய படகுக் கழகத்தால், 1940களின் தொடக்கத்தில். பம்புல்யா இருக்கும் பெலோ ஹொரிசோன்ச்சி கடற்கரை ஊரல்ல, கடலுக்கு 850 மீற்றர் மேலே உள்ள மலை நகரம். அங்கே குளிர்காலம் கிட்டத்தட்ட மழையே இல்லாத காலம். ருவாயானில் ஆண்டு மழை 800 மி.மீ. அளவில், அதுவும் சன்னமாகப் பல நாளில் பெய்வது. நுவரெலியாவில் 1900 மி.மீ. அளவு, வட்டவளையில் 5000 மி.மீ.யைத் தாண்டும். நடுப்பீலி அங்கே தப்பித்தது எப்படி என்று இதிலேயே தெரியும்.

சன்ஷேட் கணக்கும் அப்படியே. ருவாயான் வடக்கே 45½ பாகையில். கோடை நண்பகலில் சூரியன் 68 பாகை உயரத்தில், மாரியில் 21 பாகையில். ஒரே சன்ஷேட் கோடையில் மறைத்து மாரியில் உள்ளே விடும். பண்டாரவளை 7 பாகையில். தெற்குச் சுவருக்கு டிசம்பர் நண்பகலில் கூட சூரியன் 60 பாகை. 3 அடி சன்ஷேட் அதற்குக் கீழே 5 அடி உயரத்துக்கு நிழல் போட்டுவிடும். தெற்கிலும் வடக்கிலும் 5 அடி நீட்டினால் குளிர் நாளில் உள்ளே இருட்டும் ஈரமும்தான் மிஞ்சும். மேற்கு முகத்துக்கோ எத்தனை அடி நீட்டினாலும் பின்னேர வெயில் அடியால் வந்துவிடும். அங்கே செங்குத்துப் பலகைகள் வேண்டும். ஆகவே 5 அடியை மேற்கு வராந்தாவுக்கு மட்டும் வைத்து, அதன் முன்விளிம்பில் துளைக்கல்லோ செங்குத்துப் பலகையோ நிறுத்துங்கள். கிழக்கில் 1½ முதல் 2 அடி போதும், காலை வெயில் வீட்டுக்குள் வரட்டும்.

கடல் உப்பு இங்கே இல்லை என்று ஆறுதல் வேண்டாம். ருவாயானின் நோத்ர தாம் தேவாலயம், கியோம் ஷிலே 1955 முதல் 1958 வரை கட்டியது, மெல்லிய கொங்கிரீட் மடிப்புகளால் ஆனது. உப்புக் காற்று அதன் கம்பியைத் துருப்பிடிக்கவைத்ததால் பெரும் பழுதுபார்ப்பு தேவைப்பட்டது. நம் மலையில் எதிரி காற்றிலுள்ள கரியமில வாயு. கொங்கிரீட்டின் காரத்தை அது வெளியிலிருந்து உள்ளே தின்றுகொண்டு வரும். கம்பியை எட்டியதும் துரு தொடங்கும். மழை நேரே படும் மேல்முகத்தில் இது மெதுவாக நடக்கும். மழை படாத, ஆனால் மூடுபனி தொடும் சன்ஷேட்டின் அடிமுகத்தில்தான் வேகம். ஆகவே மேலே வோட்டர்புரூஃப் பூசிவிட்டு அடியில் 10 மி.மீ. மூடலோடு விட்டால் உடைந்து விழுவது அடிப்பக்கம். அடி மூடலும் 25 மி.மீ. இருக்க வேண்டும்.

நிறம் பற்றி: ருவாயான் படங்களைக் கவனித்தால் நீலமும் சிவப்பும் மஞ்சளும் பெரும்பாலும் லொஜியாவின், அதாவது முகப்பில் உள்வாங்கிய திறந்த வராந்தாவின், உள்சுவரிலும் கதவிலும்தான், மழை நேரே அடிக்காத இடத்தில். நீங்களும் அப்படியே செய்யுங்கள். மஞ்சளுக்குக் காவி மண் சாயம் சேர்ந்த வகையை எடுங்கள், மலை வெயிலில் மற்ற மஞ்சள் சீக்கிரம் வெளிறும். வெள்ளையைத் தரை வரை கொண்டுவராதீர்கள். செம்மண் தெறிப்பு 1½ அடி வரை ஏறும். கீழே 2 அடிக்குக் கருங்கல் முகம், சுவரைச் சுற்றி 2 அடி அகலத்துக்குச் சல்லி.

ஒன்று கேட்கவேண்டும் போலிருக்கிறது: வீட்டுக்காரருக்குக் கண்டியைக் காட்டினீர்களா? இலங்கைக் கட்டடக் கலைஞர் மினெட் த சில்வா அங்கே கருணாரத்ன வீட்டை 1949–51இல் சரிவுக் காணியில், தளங்களை அரை மாடியாக ஏற்றி இறக்கிக் கட்டினார். ருவாயான் பிரேசில் பக்கம் திரும்பிய அதே காலம். கொங்கிரீட்டும் கண்ணாடியும் இருக்கும் வீட்டில் சுடுமண் ஓடும் தும்பறைப் பாய் நெசவும் சேர்ந்திருக்கின்றன. கடற்கரையிலிருந்து கடன் வாங்குவதற்கு முன் அடுத்த மலையைப் பார்க்கலாம்.

நானுஓயாப்பனி:

நுவரெலியாவில் இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு வரி கூடுதலாக. அங்கே தட்டைக் கொங்கிரீட் கூரை ஒழுகாவிட்டாலும் சொட்டும். உள்ளே 18 பாகை, ஈரப்பதம் 75 விழுக்காடு என்றால் 13 பாகைக்குக் குளிர்ந்த எந்த மேற்பரப்பிலும் தண்ணீர் பூக்கும். ஜனவரி, பெப்ரவரியில் தெளிந்த வானத்தின் கீழ் வெறும் 5 அங்குல ஸ்லாப்பின் அடிமுகம் அந்த அளவுக்கு இறங்கிவிடும். விடியற்காலையில் கட்டிலில் சொட்டு, ஒரு மாதத்தில் மூலையில் கறுப்புப் பூஞ்சணம். ஒழுகுது என்று நினைத்து மேலே திரும்பத் திரும்ப வோட்டர்புரூஃப் அடிப்பவர்கள் அதிகம். தேவை அதுவல்ல. ஸ்லாப்புக்கு மேலே, வோட்டர்புரூஃப்புக்கும் மேலே, 2 அங்குலத் தண்ணீர் குடிக்காத ஃபோம் பலகை, அது பறக்காமல் இருக்கச் சல்லியோ சீமெந்துப் பலகையோ. அடியில் சீலிங் போட்டு மறைத்தால் பூஞ்சணம் சீலிங்குக்குப் பின்னால் வளரும், அவ்வளவுதான்.

ஊவாச்சரிவு:

எல்லோருக்கும் நன்றி. அக்கா, கண்டி வீட்டை வீட்டுக்காரருக்கு அனுப்புகிறேன்.

இப்போதைக்கு முடிவு: ஒரே சரிவுத் தகரக் கூரை, முன்னால் உயர்ந்து, பின்பீலி, சுற்றுக்கான். வி தூண் கராஜ் முன்னால் ஒன்று மட்டும். மேற்கில் 5 அடி சன்ஷேட்டும் செங்குத்துப் பலகையும். ஒரு இடத்தில் மட்டும் அவர் விடமாட்டேன் என்கிறார்: கராஜுக்கு மேல் 12க்கு 15 அடி திறந்த மொட்டைமாடி. வரவேற்பறையிலிருந்து ஒரே மட்டத்தில் நடந்து போகவேண்டுமாம், வாசலில் படி இல்லாமல். அண்ணே, அதற்கு என்ன செய்யலாம்?

சாந்துக்கரண்டி:

ஒரே மட்டம்னா ஸ்லாப்பைத்தான் இறக்கணும், தம்பி. மாடி ஸ்லாப்பை அறை ஸ்லாப்பை விட 6 அங்குலம் தாழ்த்தி வார்த்துடுங்க. பிறகு இறக்க முடியாது, அதனால பிளான்லயே எழுதிடுங்க, ஷட்டரிங் பாஸுக்கு வாயால சொன்னா மறந்துடுவார்.

வாட்டம் வீட்டிலிருந்து வெளியே, 12 அடி போற பக்கமா. 60க்கு 1 குடுத்தா 2½ அங்குலம் வருது. 80க்கு 1 போதும்னு புத்தகத்துல இருந்தாலும், கையால தட்டுற சாந்து அங்கங்க அரை அங்குலம் ஏறி இறங்கும், அதனால கூட்டிக் குடுக்கணும். சாந்து 1:3, வெளி ஓரத்துல 1 அங்குலத்துக்குக் குறையாம. ஸ்லாப்பைக் கம்பித் தூரிகையால தேய்ச்சு, சீமெந்துப் பால் தடவி, அது ஈரமா இருக்கிறப்பவே சாந்து போடணும். காய்ஞ்ச பிறகு போட்டா தட்டினா டொக்குன்னு சத்தம் கேட்கும், அடுத்த வெயிலுக்குக் கிளம்பிடும்.

சுவரும் தரையும் சேருற மூலையில 2 அங்குலச் சாந்து உருண்டை. வோட்டர்புரூஃப் அந்த உருண்டைமேல ஏறி, மூணு பக்கச் சுவர்லயும் 6 அங்குலம் போகணும். வாசல்ல அறை ஸ்லாப்போட ஓரத்துல அந்த 6 அங்குல இறக்கத்துலயே ஏறி, கதவுச் சட்டத்துக்கு அடியில முடியணும். கதவை மாட்டின பிறகு பூசினா சட்டத்துக்குக் கீழே ஒரு கோடு விட்டுப்போகும், தண்ணி அதைத் தேடிப் போகும். கதவுக்கு முன்னால 4 அங்குல அகலத்துல குறுக்கா ஒரு கான், மேலே கம்பித் தட்டு. அது இருந்தாத்தான் ஒரே மட்டம்ங்கிறது நடக்கும், ஏன்னா சாஞ்சு அடிக்கிற மழை கண்ணாடியில வழிஞ்சு அந்த இடத்துலதான் விழும். அந்தக் கானை மாடி வாட்டத்தோட சேர்க்காம தனிக் குழாயில இறக்குங்க.

ஓடு போடுறதுக்கு முன்னால மாடிக் குழாய் வாயை அடைச்சு, வெளி ஓரத்துல மண் மூட்டையால வரம்பு கட்டி, கதவு ஓரத்துல 2 அங்குலம் தண்ணி நிக்கிற அளவுக்கு நிரப்பி 48 மணி நேரம் விடுங்க. அப்ப வெளி ஓரத்துல 4½ அங்குலம் நிக்கும், வரம்பு அதுக்கு ஏத்த மாதிரி இருக்கணும். மழை நாள்ல இந்தச் சோதனை வேணாம், எது எந்தத் தண்ணின்னு தெரியாது. கராஜுக்குள்ள நின்னு ஸ்லாப் அடியையும் குழாய் இறங்குற இடத்தையும் டோர்ச் அடிச்சுப் பாருங்க. ஒழுகினா பெரும்பாலும் குழாயைச் சுத்தித்தான். ஸ்லாப்புல பிறகு ஓட்டை போட்டுக் குழாயைச் சொருகினா அப்படித்தான் ஆகும். வார்க்கும்போதே குழாய்த் துண்டை நிறுத்தி வார்த்துடுங்க.

ஓடு போடுறப்ப 10 அடிக்கு ஒரு தடவை முழு ஆழத்துக்கு ஒரு இடைவெளி விட்டு, சீமெந்து வைக்காம சிலிக்கன் நிரப்புங்க. மேற்கு மாடி, பின்னேரம் நல்லாச் சுடும், ராத்திரி குளிரும்.